தின்னும் என்கிற சொல்: சுரங்கம், நஞ்சு, நுண்ணுயிர்

'நஞ்சைத் தின்னும் பாக்டீரியா' என்று நம் பத்திரிகைகளின் அறிவியல் பக்கங்களில் அவ்வப்போது ஒரு செய்தி வந்துவிடுகிறது. சயனைடைத் தின்னும், யுரேனியத்தைத் தின்னும், எண்ணெயைத் தின்னும், இப்போது பிளாஸ்டிக்கையும் தின்னும். இந்தக் கட்டுரை அந்தத் 'தின்னும்' என்ற சொல்லைப் பற்றியது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யாருக்காக வேலை செய்கிறது, அது பேசும்போது யார் பேச்சு அடைபட்டுப் போகிறது என்று பார்ப்பது நமக்குப் பழகிய காரியம்தான். கதை, கவிதை, சட்டம், சாசனம் என்று எல்லாவற்றிலும் செய்கிறோம். வேதியியல் என்று வந்துவிட்டால் மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்து, அரிட்டாபட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஆனையூரில் நாங்கள் நாலைந்து பேர் கூடுகிற டீக்கடையில் ஒருநாள் பேச்சு அங்கேதான் போனது. படித்த தோழர் ஒருவர், போராட்டத்துக்கு எதிரியும் அல்ல, சொன்னார்: "நிலத்த எடுக்கிறான், மலைய உடைக்கிறான்னு சொல்லுங்க தோழர், ஒத்துக்கிறேன். தண்ணி கெட்டுப்போகும்னு மட்டும் சொல்லாதீங்க. அதுக்கெல்லாம் இப்ப பாக்டீரியா வந்திருச்சு. விட்டா தின்னுட்டுப் போயிரும்." கடையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. 'சயின்ஸ் சொல்லிருச்சு' என்றால் நம் ஊர்ச் சபையில் அதற்குமேல் வாயைத் திறக்கிற வழக்கம் கிடையாது. அந்த மௌனத்தின் வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் கிளறப் பார்க்கிறேன்.

எதைத் தின்ன முடியும், எதைத் தின்ன முடியாது என்பதிலிருந்து தொடங்குவோம். சயனைடு என்பது கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த கூட்டு. இரண்டுமே உயிர்களின் சாப்பாட்டுத் தட்டில் உள்ளவை. சில பாக்டீரியாக்கள் அதை உடைத்து உண்ணும். உடைந்த பிறகு அது சயனைடு இல்லை. எண்ணெயும் அப்படித்தான். ஆனால் துத்தநாகம், ஈயம், ஆர்சனிக், யுரேனியம் எல்லாம் தனிமங்கள். எந்த வயிறும் அவற்றைச் செரிக்காது. பாக்டீரியா செய்வதெல்லாம் அவற்றின் வடிவத்தை மாற்றுவது: நீரில் கரைந்து ஓடிக்கொண்டிருந்ததைக் கரையாமல் உட்கார வைக்கும், சில வகைகள் உட்கார்ந்திருந்ததைக் கரைத்து ஓடவிடும். எடை ஒரு குன்றிமணி குறையாது.

இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயில் காலை ஆழமாக விட்டுப் பாருங்கள். மேலே வண்டல் பழுப்பாக இருக்கும். ஒரு முழம் கீழே சேறு மைக்கறுப்பு, அழுகின முட்டை நாத்தம். காற்று புகாத அந்த அடிச்சேற்றில் ஒருவகைப் பாக்டீரியா, நாம் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல, நீரிலுள்ள சல்பேட்டைச் சுவாசிக்கிறது. வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. நாத்தம் அதனுடையது. அந்தச் சல்பைடு இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படிகிறது. இரும்புக்குப் பதில் துத்தநாகம் இருந்தால் அதையும் பிடித்துப் படிய வைக்கும். இந்த வகைப் பாக்டீரியாவை 1895இல் டச்சுக்காரர் பெய்ஜரிங்க் டெல்ஃப்ட் நகரத்தில் கண்டறிந்து எழுதினார். சுரங்க நீரைச் சுத்தப்படுத்த இன்று உலகில் விற்கப்படும் பெரிய தொழில்நுட்பங்களில் ஒன்று, இந்தக் கண்மாய்ச் சேற்றை இரும்புத் தொட்டிக்குள் அடைத்ததுதான். சேற்றுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, தொட்டிக்கு வாங்கலாம்.

இனி வரலாறு. சுரங்கத்தோடு சேர்த்துப் பாக்டீரியா பேசப்பட்ட முதல் பெரிய சந்தர்ப்பத்தில் அது துப்புரவாளராக வரவில்லை, குற்றவாளியாக வந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் அமில நீர் ஓடிவந்து ஓடைகளைச் சாகடித்துக்கொண்டிருந்தது. நிலக்கரியோடு கலந்திருக்கும் பைரைட்டு, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறும். ஆனால் வெறும் வேதியியல் கணக்குக்கு அது மிக வேகமாக நடந்தது. 1947இல் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர், இந்த வேகத்துக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று எழுதினார்கள். 1951இல் அதற்கு 'தயோபாசிலஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ்' என்று பெயர் வைக்கப்பட்டது. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைக்கிற உயிர். வெளிச்சம் வேண்டாம், சோறு வேண்டாம்.

இந்தக் கண்டுபிடிப்பில் கம்பெனிகளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பது என் வாசிப்பு. அமிலத்தை உண்டாக்கியது பாக்டீரியா என்றால் அது இயற்கை ஆகிவிடுகிறது. ஆனால் அந்தப் பைரைட்டு பூமிக்குள் காற்றுப் படாமல் கோடிக்கணக்கான வருஷம் சும்மாதான் கிடந்தது. அதை உடைத்து, வெளியே கொண்டுவந்து, காற்றுக்குக் காட்டியது பாக்டீரியா அல்ல.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 1958இல், பெயர் வைத்து ஏழே வருஷத்தில், கென்னகாட் தாமிரக் கம்பெனியின் ஆட்கள் இதே வகைப் பாக்டீரியாவைக்கொண்டு மலிவான கல்லிலிருந்து தாமிரத்தைக் கரைத்தெடுக்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். ஓடையில் உலோகத்தைக் கரைத்தால் மாசு; கம்பெனியின் கல்மேட்டில் அதே உலோகத்தை அதே பாக்டீரியா கரைத்தால் உற்பத்தி. 1986இல் தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பகுதி ஃபேர்வியூ சுரங்கத்தில் தங்கத்தைச் சுற்றியுள்ள கந்தகக் கனிமத்தைப் பாக்டீரியாவை விட்டு அரிக்கும் ஆலை வந்துவிட்டது. குற்றவாளியைச் சம்பளம் இல்லாத தொழிலாளியாக்கியாயிற்று. துப்புரவாளர் என்கிற மூன்றாவது வேஷம் கடைசியாகத்தான் வருகிறது.

*

அந்த மூன்றாவது வேஷத்தைப் புரிந்துகொள்ள 1980ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் ஜூன் 16 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. மனிதன் மாற்றியமைத்த உயிருள்ள பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம். வழக்கின் மறுபக்கப் பெயர் நம் ஆள் பெயர்: வங்காளத்தின் சைந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். எண்ணெயின் பல கூறுகளை உடைக்கக்கூடிய சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். கடலில் கொட்டிய எண்ணெயைச் சுத்தம் செய்யும் என்பது அதன் நியாயம். அந்தப் பாக்டீரியா எந்தக் கடலிலும் விடப்படவில்லை. ஆனால் உயிருக்குச் சொத்துரிமை என்கிற கதவு அதைக் காட்டித்தான் திறந்தது. விதைக்குக் காப்புரிமையா என்று 1990களில் நம் விவசாயச் சங்கங்கள் கத்தியபோது எதிரே நின்ற சட்டத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை: இதே ஜெனரல் எலக்ட்ரிக், 1977 வரை சுமார் முப்பது வருஷம் ஹட்சன் ஆற்றில் பி.சி.பி. என்னும் நச்சு ரசாயனத்தைக் கலந்துகொண்டிருந்தது. சுத்தம் செய்யும் உயிரின் சொந்தக்காரரும் ஆற்றைக் கெடுத்தவரும் ஒரே கம்பெனி.

பதினாலு நாள் கழித்து, ஜூன் 30 அன்று, அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. தெற்கு டகோட்டாவின் கறுப்பு மலைகள் 1868 ஒப்பந்தப்படி சியூ பழங்குடியினருக்குச் சொந்தமானவை. 1877இல் அவற்றை அரசு எடுத்துக்கொண்டதற்கு நட்டஈடு தரவேண்டும். வட்டியும் முதலுமாகச் சுமார் 10 கோடியே 60 லட்சம் டாலர். சியூ மக்கள் பணத்தை வாங்க மறுத்தார்கள், மலையைக் கொடு என்றார்கள். அந்தப் பணம் இன்றும் வாங்கப்படாமல் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த மலைகள் ஏன் பிடுங்கப்பட்டன? தங்கத்துக்காக. 1876இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட ஹோம்ஸ்டேக் என்ற சுரங்கம் 2002 வரை ஓடியது.

சுரங்கத் தண்ணீரைப் பாக்டீரியாவால் சுத்தப்படுத்திய உலகின் முன்னோடி ஆலைகளில் ஒன்று அமைந்ததும் இதே ஹோம்ஸ்டேக்கில்தான், 1984இல். இதற்கு இடையில் மூன்றாவது காகிதம் ஒன்று உண்டு. 1980 டிசம்பரில் அமெரிக்காவில் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது: கெடுத்தவன் செலவில் சுத்தம், கம்பெனி கைமாறினாலும் பொறுப்பு விடாது. ஹோம்ஸ்டேக் நூறு வருஷமாகக் கழிவு மண்ணைக் கொட்டிவந்த வைட்வுட் ஓடை அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு கம்பெனியின் விஞ்ஞானிகள் சுரங்கத்தின் கழிவு நீரிலேயே பிழைத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பாக்டீரியாவைப் பிடித்து வளர்த்து, நாற்பத்தெட்டு சுழலும் உருளைகளில் படலமாகப் படரவிட்டு, சயனைடை உடைத்தார்கள். ஓடைக்கு மீன் திரும்பி வந்தது. இது உண்மையான சாதனை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாக்டீரியா அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. சட்டம் வரும்வரைக்கும் அதற்கு யாரும் உருளை கட்டிக் கொடுக்கவில்லை.

நிலத்தடி நீருக்கு நேரடி உதாரணம் நெதர்லாந்தின் பூடெல்-டோர்ப்ளைன். சுரங்கம் இல்லை, சுரங்கத்தின் தம்பி: 1892இல் தொடங்கிய துத்தநாக உருக்காலை. ஆலையின் மண் வழியாகத் துத்தநாகமும் சல்பேட்டும் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டன. கெட்ட நீர் ஊருக்குள் பரவாமல் இருக்கச் சுற்றிலும் கிணறுகள் போட்டு இறைத்து, 1992 முதல் பாக்டீரியாத் தொட்டிகளில் விட்டார்கள். முன்னே சொன்ன கண்மாய்ச் சேற்று வேலைதான். பாக்டீரியா சல்பேட்டைச் சல்பைடு ஆக்குகிறது, சல்பைடு துத்தநாகத்தைப் பிடிக்கிறது, படிந்த துத்தநாக சல்பைடு மறுபடி ஆலையின் உலைக்கே போகிறது. அங்கே உலை ஓடிக்கொண்டிருந்ததால்தான் படிந்ததைப் போட ஓர் இடம் இருந்தது.

இந்தத் தொட்டிகளில் பாக்டீரியாவுக்கு இரை என்ன? எத்தனால். பச்சைத் தமிழில் சொன்னால் சாராயம். சல்பேட்டைச் சுவாசிக்கலாம், ஆனால் தின்பதற்கு வேறொன்று வேண்டும். அதைத் தினமும் விலைக்கு வாங்கி ஊற்ற வேண்டும். ஆக, 'நஞ்சைத் தின்னும் பாக்டீரியா' அங்கே தின்பது நஞ்சை அல்ல, கம்பெனி வாங்கி ஊற்றும் சாராயத்தை. செய்திகளில் இந்த வரி மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது. வினைச்சொல்லில் உள்ள சூது இதுதான்: நஞ்சே உணவு என்றால் செலவு இல்லை, முதலாளி இல்லை, கணக்கு இல்லை. பாக்டீரியா தானே வரும், தானே தின்னும், தானே போகும்.

ஊற்றுவதை நிறுத்தினால், அல்லது ஊற்றுவது கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய யுரேனிய ஆலையின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது. 1987இல் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி பிரித்தெடுத்த வகையைச் சேர்ந்த ஜியோபேக்டர் பாக்டீரியாக்கள், கரைந்த யுரேனியத்தைக் கரையாத யுரேனியமாக மாற்றும் என்று 1991லேயே காட்டப்பட்டிருந்தது. 2002இல் ரைஃபிளில் நிலத்துக்குள் அசிடேட்டை, காடியின் உறவுக்கார உப்பை, குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். சில வாரங்களில் ஜியோபேக்டர் பெருகியது, நீரில் யுரேனியம் நன்றாகக் குறைந்தது. அப்புறம் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அந்த இரைக்குப் போட்டியாக வந்து ஜியோபேக்டரை ஒதுக்கிவிட, யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது. மண்ணுக்குள் உட்கார்ந்த யுரேனியம் அங்கேயேதான் இருக்கிறது. ஆக்சிஜன் கலந்த நீர் உள்ளே புகுந்தால் மறுபடி கரையும். இதை மறைத்து யாரும் எழுதவில்லை, ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரைகளிலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். அங்கிருந்து நம் டீக்கடைக்கு வரும் வழியில்தான் 'விட்டா தின்னுட்டுப் போயிரும்' ஆகிவிடுகிறது.

*

இப்போது கோலார் தங்க வயலுக்கு வருகிறேன். ஹோம்ஸ்டேக்கின் வயதொத்த சுரங்கம். அதேபோலத் தங்கம், சயனைடு, ஆழம். அங்கே தோண்டியவர்கள் தமிழர்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்தை எடுத்த பிறகு வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனவர்களில் பெரும்பான்மை ஒடுக்கப்பட்ட சாதியினர். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கரும் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. மொத்தமாகச் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்ததை நம் பள்ளிப் புத்தகங்கள் பெருமையாகச் சொல்லும். கூலி லைன்களில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தியதையும், ஷிஃப்ட் முடிந்து மேலே வரும் ஆளைத் தங்கம் திருடினானா என்று உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்ததையும், 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக நடந்த வேலைநிறுத்தத்தையும், 1946 நவம்பர் 4 துப்பாக்கிச் சூட்டையும் சொல்லாது.

இது வெறும் கூலிக்கார ஊர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் வேர்பிடித்த இடங்களில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃப்பும் உண்டு. அவருடைய 'தமிழன்' பத்திரிகையை 1926இல் ஜி. அப்பாதுரையார் மறுபடி தொடங்கியது கோலார் தங்க வயலிலிருந்துதான். தீட்டு என்றால் என்ன, யார் அதைக் கண்டுபிடித்தார்கள், எதற்காக என்று பூமிக்கடியில் வேலைபார்த்தவர்கள் கேட்ட ஊர் அது.

1890களில் அங்கே சயனைடு முறை வந்தது. அரைத்த கல்மாவில் சயனைடு நீரை ஊற்றித் தங்கத்தைக் கரைத்தெடுத்துவிட்டு, மிச்ச மாவைக் கொட்டுவார்கள். நூறு வருஷம் கொட்டினார்கள். பதின்மூன்று மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் போனால் தெரியும்: ஊருக்கு நடுவே சாம்பல் வெள்ளையில் மேசைபோலத் தட்டையான மலைகள், பக்கங்களில் மழைநீர் அறுத்த வாய்க்கால் தழும்புகள். சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். ஊர்க்காரர்கள் இன்றும் அதைச் சயனைடு மேடு என்றே சொல்கிறார்கள். உண்மையில் சயனைடு வெயிலிலும் காலத்திலும் சிதைந்துவிடக்கூடியது. அந்த வேலையில் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு. பெயரில் உள்ள நஞ்சு போய்க்கொண்டிருக்க, பெயரில் இல்லாதது நின்றுவிட்டது: மாவாக அரைந்த சிலிகா. காற்றடித்தால் அது லைன்களுக்குள் வரும், சாப்பாட்டுத் தட்டில் படியும், நெஞ்சுக்குள் போகும். சுரங்கத்துக்குள் இறங்கிய அப்பனுக்கு வந்த சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய்க்குக் காரணமான அதே தூள், இறங்காத பேரன் வீட்டு வாசலில் கிடக்கிறது. இதைத் தின்ன எந்தப் பாக்டீரியாவும் இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன. ஆழமெல்லாம் தண்ணீர் நிரம்பியது. வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்பும் வாழ்க்கைக்கு மாறினார்கள். இந்தியாவில் சுரங்கத்தை மூடும்போது நிலத்தையும் நீரையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் தரவேண்டும் என்பது விதிகளில் கட்டாயமானது 2003இல். இரண்டு வருஷம் முந்திக்கொண்டார்கள். தனியார் கம்பெனியில் தொடங்கி, 1956இல் மைசூர் அரசிடம் போய், 1962இல் மத்திய அரசிடம் வந்து, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆகி மூடப்பட்ட ஒரு சுரங்கத்தில், அந்த மேடுகளைக் 'கெடுத்தவன்' என்று யாரைக் கைகாட்டுவது? ஹோம்ஸ்டேக்கில் பாக்டீரியா வேலை செய்ததற்கு வேதியியல் பாதிக் காரணம். மறுபாதி, பில் அனுப்ப ஒரு விலாசம் இருந்தது.

*

தமிழில் நாம் சுற்றுச்சூழல் பேசும்போது 'மாசு' என்கிறோம். ஆங்கிலக்காரன் தன் ஒரே சொல்லால் சொல்லும் இரண்டில், சாதி சம்பந்தப்பட்டதைத் 'தீட்டு' என்று பிரித்து வைத்துவிட்டோம். இந்தப் பிரிப்பு சௌகரியமானது, ஆனால் உண்மையை மறைக்கிறது. தீட்டின் விதி என்ன? அதை உண்டாக்குகிறவர் ஒருவர், சுமக்கிறவர் வேறொருவர்; சுமப்பது சுமப்பவரின் பிறவிக் குணம் என்று சாஸ்திரம் சொல்லும். சுரங்க மாசின் விதியும் அச்சாக இதுதான். காக்கையை ஆகாயத் தோட்டி என்று சொல்லிக்கொடுத்த மொழியில், பாக்டீரியாவை 'இயற்கையின் துப்புரவாளர்' என்று சொல்வது தற்செயல் அல்ல. அசுத்தத்தை உண்பது சில உயிர்களின் சுபாவம் என்று நம்பப் பழகிய சமூகம், புதிதாக வந்த உயிரையும் அதே வரிசையில் உட்கார வைக்கிறது. சம்பளம் கேட்காது, சங்கம் வைக்காது, தீட்டும் ஒட்டாது. லட்சியத் தொழிலாளி!

இது வெறும் உவமை என்று நினைப்பவர்கள் ஆனையூர் மாதிரியான புறநகர்த் தெருவில் ஒருநாள் நின்று பார்க்கலாம். நகராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி எங்களுடையது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் எல்லாம் செப்டிக் டேங்க்தான். ஹார்டுவேர் கடையில் பாக்டீரியா பவுடர் விற்கிறார்கள். "வாளித் தண்ணில கரைச்சு ஊத்துங்கண்ணே, எல்லாத்தையும் தின்னுரும், அப்புறம் ஆளே கூப்பிட வேண்டாம்." மலம் கரிமப் பொருள். பாக்டீரியா அதில் பெரும்பகுதியை உடைக்கும் என்பது சரிதான். உடைந்த பிறகும் அடிச்சேறு தங்கும், வருஷங்களில் உயரும், ஒருநாள் நிரம்பும். அன்றைக்கு வேறொரு நம்பருக்குப் போன் போகும். மனிதர் கையால் மலம் அள்ளக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், மனிதரை உள்ளே இறக்குவதையும் தடுத்து 2013இல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் இந்த நாட்டில் தொட்டிக்குள் விஷவாயுவில் சாவு நிற்கவில்லை. சாகடிக்கும் வாயுக்களில் முக்கியமானது அதே ஹைட்ரஜன் சல்பைடு. பூடெலில் துத்தநாகத்தைப் பிடிக்கும் அதே வாயு, அதே குடும்பத்துப் பாக்டீரியா.

நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது, நம் வட்டாரத்தில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். கெட்டுவிட்ட இடங்களுக்கு இந்த வேலை வேண்டும். நம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இதற்காக உழைப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கெட்டுப்போன இடத்துக்கான வைத்தியத்தை, கெடுக்கப்போகிற இடத்துக்கான அனுமதிச் சீட்டாக மாற்றும்போது அந்த ஆய்வகத்தின் சோதனைக்குழாய் வேறு கைக்குப் போய்விடுகிறது. இரையை எத்தனை வருஷம் ஊற்றுவீர்கள், நிறுத்தினால் என்ன ஆகும், படிந்த சேற்றை எந்த ஊரில் கொட்டுவீர்கள், கம்பெனி கைமாறினால் பணம் எந்தக் கணக்கில் இருக்கும் என்று கேட்பதற்கு வேதியியல் பட்டம் வேண்டியதில்லை. அடுத்த தடவை அந்த டீக்கடையில் நான் கேட்டது இவைதான். தோழர் கோபப்படவில்லை. "நாத்தம் அடிக்கும்னு சொன்னீங்களே, அந்தச் சேறு எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டார். சரியான கேள்வி. தண்ணீரில் எவ்வளவு உலோகம் இருந்ததோ அவ்வளவும் அந்தச் சேற்றில் வரும்.

மேலூர்க்காரர்கள் இந்தக் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. ஏழு குன்றுகள், இருநூறு சுனைகள், எழுபத்திரண்டு நீர்நிலைகள் என்று அரசே எண்ணிச் சொல்லி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அரிட்டாபட்டி. சுனை என்பது மலை பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். மலை போனால் சுத்தம் செய்வதற்குத் தண்ணீரே இருக்காது. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் ஆபீஸ்வரை ஜனங்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கோலார் தங்க வயலில் காரியம் வேறு திசையில் போகிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் ஆயிரம் ஏக்கரில் கிடக்கும் அந்தப் பதின்மூன்று மேடுகளையும் மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. தங்கத்தின் விலை ஏற ஏறக் கழிவு மறுபடி கனிமம் ஆகிவிட்டது. அந்த மண்ணில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூட இல்லை. அதை எடுத்த பிறகும் 3 கோடியே 30 லட்சம் டன் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன்னாகவே இருக்கும், முன்னைவிட நைசாக அரைந்து. மாரிக்குப்பத்து லைன்களுக்கு எந்தப் பக்கம் அது மறுபடி கொட்டப்படும் என்பது ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.